பத்து மைல் குரல்

கேள்வி: கையில் செல்போன் இருக்கும்போது சமுதாய வானொலி எதற்கு?

பதில்: செல்போன் உலகத்துச் சேதியெல்லாம் சொல்லும். பாம்பன் மீனவருக்கு முதலில் வேண்டியது, இன்றைக்குத் தன் கடலில் காற்று எப்படி என்பது. அதை அவர் பேச்சிலேயே சொல்ல 2016-இல் வந்தது 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி. இத்தகைய நிலையங்கள் எட்டுவது 10, 15 கிலோமீட்டர்தான். பலமே அதுதான்! தப்பாகச் சொன்னால் மறுநாள் சந்தையிலேயே பிடித்துக்கொள்வார்கள். தெலங்கானாவில் 2008 முதல் 'சங்கம் ரேடியோ'வை நடத்துபவர்கள் தலித் பெண்கள். விதை, பயிர், பண்டிகை எல்லாம் அவர்கள் வாயாலேயே வருகிறது. ஆனால் செய்திக்கு மட்டும் சமுதாய வானொலிகள் ஆகாசவாணியைத்தான் அஞ்சல் செய்யலாம் என்கிறது விதி. தன் ஊர்ச் செய்தியை ஊரே சொல்ல அரசு அனுமதிக்க வேண்டும்.