ரைட் கிளிக்கின் மகிமை

லினக்ஸ் தன் பயனர்களுக்கு வழங்கும் இலவசக் கல்வியை இன்னும் யாரும் போதிய அளவு மெச்சவில்லை.

2022 செப்டம்பரில் லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோமின் 43-ஆம் பதிப்பு வந்தபோது, அதன் கோப்பு மேலாளரான நாட்டிலஸ், விண்டோக்களையும் பொத்தான்களையும் வரையும் ஜிடிகே கருவித்தொகுப்பின் 4-ஆம் பதிப்புக்குக் குடிபெயர்ந்தது. பழைய எக்ஸ்டென்ஷன்கள் ரகளை எதுவும் செய்யவில்லை. ரைட் கிளிக் மெனுவிலிருந்து நாசூக்காக விலகிக்கொண்டன. பிழைச் செய்தி காட்டிப் பயனரின் மனதைப் புண்படுத்தாத பண்பு எத்தனை மென்பொருளுக்கு வாய்க்கும்?

விலகியதற்குக் காரணம் அறிய விண்டோவை மூடித் திறந்தால் போதுமா? போதாது, நாட்டிலஸ் பின்னணியில் விழித்திருக்கக்கூடும். டெர்மினலில் ‘நாட்டிலஸ் -கியூ’ என்று அடித்து முறைப்படி வழியனுப்ப வேண்டும். பிறகு அங்கிருந்தே மறுபடி கிளப்பினால், மனக்குறையை வாய்திறந்து சொல்லும்.

நாட்டிலஸ் 3.0 வேண்டும் என்று எக்ஸ்டென்ஷனின் பைத்தான் கோடில் எழுதியிருப்பதை 4.0 ஆக்குவது பாலபாடம். அடுத்தது மேற்படிப்பு. மெனுவை நிரப்பும் ‘கெட்_ஃபைல்_ஐட்டம்ஸ்’ ஃபங்ஷனுக்கு முன்பு விண்டோ, கோப்புகள் என இரண்டும் வரும். இப்போது கோப்புகள் மட்டுமே. அடைப்புக்குறிக்குள் விண்டோ மிச்சமிருந்தால் மெனு வராது. வீட்டு வரவு செலவை ஒழுங்குபடுத்த உட்கார்ந்த கணக்காளர், விடிவதற்குள் பைத்தான் புரோகிராமர் ஆகிவிடுகிறார். திறன் மேம்பாட்டுத் திட்டங்கள் இவரிடம் பாடம் கேட்கலாம்.

கடைசியில் எக்ஸ்டென்ஷன் மெனுவில் வந்து அமர்ந்தேவிட்டது. அதன் ஒரே பணி: ‘இங்கே டெர்மினலைத் திற’.

கணக்காளர் கிளிக் செய்கிறார். ஏற்கெனவே திறந்திருக்கும் மூன்று டெர்மினல்களுக்குப் பக்கத்தில் நான்காவது பளிச்சென்று திறக்கிறது.