கூரை மேல் ஓர் அணை

டொராண்டோ,
பிப்ரவரி.

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவிடம் சொல்ல வேண்டாம்: இங்கே சீலிங் ஒழுகுகிறது.

குமுளியில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் எத்தனை அடி என்றுதானே முதலில் பார்ப்பீர்கள்? இப்போது என் கூரை மேலேயே ஓர் அணை. கேலியில்லை, இங்கே அதற்குப் பெயரே ‘ஐஸ் டேம்’. ஹீட்டர் சூடு பரண் வழியாக ஏறிக் கூரைப் பனியை உருக்குகிறது. உருகிய தண்ணீர் இறவாரத்துக்கு வந்ததும், சூடு இல்லாததால் மறுபடி உறைந்து வரப்பாக நிற்கிறது. பின்னால் வரும் தண்ணீர் போக்கிடம் இல்லாமல் வீட்டுக்குள் குடிவருகிறது, வாடகை தராமல்.

முதல் நாள் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு வட்டம். மறுநாள் அது பலாப்பழமாகத் தொங்கியது. இங்கே சீலிங் கான்கிரீட் இல்லை; காகித அட்டைகளுக்கு நடுவே ஜிப்சம். ஊறினால் பலகையோடு தலையில் விழும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் மலையைக் குடைந்து தண்ணீரைக் கம்பம் பக்கம் திருப்பினார். நான் ஸ்க்ரூடிரைவரால் சீலிங்கைக் குடைந்து வாளிப் பக்கம் திருப்பினேன். ஒன்றரை வாளி.

பிறகு உங்கள் மருமகளின் பழைய ஸ்டாக்கிங்கில் கால்சியம் குளோரைடை நிரப்பி ஐஸ் மேல் குறுக்கே போட்டேன். அது ஐஸை அரித்து வாய்க்கால் வெட்டிவிட்டது. கூரையில் ஸ்டாக்கிங்கைப் பார்த்த தபால்காரர், “கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு மாதமாச்சே!” என்றார்.

முல்லைப் பெரியாறு வழக்கில் 2014 தீர்ப்புக்குப் பிறகு அங்கே மூவர் குழு போட்டார்களே, இங்கேயும் போட்டோம்: நான், உங்கள் மருமகள், இன்சூரன்ஸ்காரர். “திடீர் சேதமா, பராமரிப்புக் குறையா?” என்பதில் கேரளாவும் தமிழ்நாடும் மாதிரி நிற்கிறோம். பெயின்ட் அடித்துப் பார்த்தேன். கறை சிரித்துக்கொண்டே மேலே வந்தது. கறை தடுக்கும் பிரைமர் அடித்துவிட்டுத்தான் பெயின்டாம். பரணில் சூடு ஏறாமல் பஞ்சு திணிப்பதுதான் நிரந்தர வைத்தியம்.

ஜூன் மழைக்கு முன் அங்கே ஓட்டை மாற்றிவிடுங்கள். ஓட்டை என்றால் ஓட்டைத்தான் சொல்கிறேன். ஓட்டையை இடம் மாற்றுகிற வேலையை ஆசாரி ஒவ்வொரு வருஷமும் செய்துவிட்டுத்தான் போகிறார்.

அன்பு மகன்.