அறுபத்துநான்காவது ஆளுக்கும் வழி

கேள்வி: கபாலி கோயிலுக்கு நடந்து போகிறேன் என்றால் மகள் தடுக்கிறாள். மயிலாப்பூரில் நடப்பது அவ்வளவு ஆபத்தா?
– ஒரு வாசகி, மந்தைவெளி

பதில்: மகளின் பயம் நியாயம்தான் அம்மா. அறுபத்துமூவர் விழாவன்று வண்டிகளை நிறுத்தி மாடவீதியில் நாயன்மார்களுக்கு வழிவிடுகிறோமே, மறுநாள் நடந்து வரும் அறுபத்துநான்காவது ஆளுக்கும் வழி வேண்டும்! நடைபாதையில் ஈ.பி. பெட்டி, பக்கத்தில் பைக், அதைத் தாண்டினால் பெயர்ந்த ஸ்லாப். ஒரு கையில் பூப்பை, மறுகையை முழங்காலில் ஊன்றி, ஒரு பாட்டி ரோட்டில் இறங்குகிறார். முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன். பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் நடைபாதைக்குச் சொன்ன அளவு, தடையில்லாத 1.8 மீட்டர் அகலம், 15 செ.மீ.க்கு மிகாத உயரம். மனம் வைத்தால் முடியும்: பாண்டி பஜாரில் 2019இல் செய்து காட்டினார்களே! அதற்காக நடைபாதையில் கடை போடும் பூக்காரம்மாவை விரட்ட வேண்டாம். முதலில் பைக்குகளை எடுக்கட்டும்.