ஈரம் காயறதுக்குள்ளே

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குற்றம் கண்டுபிடிக்க ஒரு நகம் போதும். கொடுமுடிக்குப் பக்கத்தில், காலிங்கராயன் வாய்க்கால் பாயும் ஊர். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் வாய்க்காலில் குதித்து ஆட்டம் போட்டுவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு வகுப்பில் வந்து உட்காருவோம். வாத்தியார் கையைப் பிடித்து முழங்கைக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுப்பார். கோடு வெள்ளையாக விழுந்தால் வாய்க்கால். விழாவிட்டால் வீடு. மேல்முறையீடு கிடையாது.

1970களின் பையன்களுக்குச் சருமப் பராமரிப்பில் அக்கறை பிறந்தது இப்படித்தான். கரையோரப் புளியமரப் பொந்தில் ஒரு தேங்காய் எண்ணெய்ச் சீசாவை ஒளித்து வைத்திருந்தோம். கரையேறியதும் ஆளுக்குக் கொஞ்சம் கையிலும் காலிலும் தேய்த்துக்கொண்டால் கோடு விழாது. அழகு பார்க்க அல்ல, தடயம் அழிக்க. எவன் வீட்டு எண்ணெய் என்பது கடைசிவரை ரகசியம்.

அந்தப் பையன்களில் ஒருவனின் மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். நாள் முழுக்க ஏசி. தை பிறந்தால் கை காலெல்லாம் பொரிந்துவிடுகிறது, உதடு வெடிக்கிறது. கடையில் விற்கும் கிரீமில் எல்லாம் கெமிக்கல் என்று ஒருநாள் அத்தனை டப்பாவையும் மூட்டை கட்டினாள். தண்ணீரும் ஒரு கெமிக்கல்தானே கண்ணு என்றேன். அப்பாக்கள் சொல்லும் நகைச்சுவைக்கு வழக்கமாகக் கிடைக்கும் மரியாதை அதற்கும் கிடைத்தது.

"இனிமே வீட்டுலயே செய்யப் போறேன்ப்பா. இயற்கையா."

"வீட்டுல என்ன இருக்குது அதுக்கு?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் ஆர்டர் போட்டிருக்கேன்."

அடுத்த வாரம் முழுக்க அழைப்பு மணி ஓயவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவிலிருந்து ஷியா வெண்ணெய். அமெரிக்காவும் மெக்சிகோவும் சேரும் பாலைவனத்துச் செடியான ஜொஜோபாவின் எண்ணெய். பாதாம் எண்ணெய், தேனீ மெழுகு, லாவெண்டர் தைலம், கிராம் கணக்கில் நிறுக்க ஒரு மின் தராசு, பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். இயற்கை இவ்வளவு தூரம் பிரயாணம் பண்ணும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கடைசிப் பெட்டியில் பஞ்சு சுற்றி ஒரு சின்னக் குப்பி. மூடியிலேயே சொட்டுக் குழாய். மேலே 'கோல்ட் பிரஸ்டு கேஸ்டர் ஆயில்' என்று எழுதியிருந்தது. திறந்து மோந்தேன். வாசமே இல்லை. ஆனாலும் விரலில் தொட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கொட்டமுத்து எண்ணெய்.

எங்கள் பக்கம் மஞ்சள் காட்டைச் சுற்றி வரப்போரமாகக் கொட்டமுத்துச் செடி நடுவார்கள். ஆமணக்கு என்று புத்தகத்தில் படித்தபோது அது வேறு ஏதோ செடி என்றே நினைத்திருந்தேன். காய்களைக் களத்தில் காயப் போட்டால் வெயில் ஏற ஏறப் பட்டுப்பட்டென்று தானாக வெடித்து முத்து சிதறும். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, அதைப் பொறுக்கிச் சேர்த்து, வடைச்சட்டியில் வறுத்து, உரலில் போட்டு இடிப்பாள். இடிக்க இடிக்கப் பசை கருத்து உலக்கையோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும். அண்டாவில் தண்ணீர் கொதிக்கும்போது அந்தப் பசையைக் கரைத்துவிடுவாள். சாம்பல் நிறத்தில் நுரை பொங்கி, அடங்கி, மேலே எண்ணெய் மிதக்கத் தொடங்கும். அதைக் கொட்டாங்குச்சி அகப்பையால் நோகாமல் வழித்தெடுத்து மறுபடியும் அடுப்பேற்ற வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் சடசடவென்று பொரியும். அந்தச் சத்தம் முழுக்க நின்றால்தான் எண்ணெய் தேறியது என்று அர்த்தம். அதுவரை அம்மாயி அடுப்பை விட்டு எழுந்திருக்க மாட்டாள். வீட்டில் யாரும் மூக்கை விட்டுக் கையை எடுக்க மாட்டோம். அடியில் தங்கும் சக்கை விஷம் என்று மாட்டுக்குக் காட்ட மாட்டார்கள். தென்னைமரத்துக்கு எருவாகப் போகும்.

அந்த எண்ணெய் பார்க்காத வேலை இல்லை. விளக்குக்கு அது. பருப்பு வேகும்போது ஒரு சொட்டு அது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வயிற்றைக் கழுவ அது. வைக்கோல் கரியோடு குழைத்தால் மாட்டு வண்டி அச்சுக்கு மசகு. ராத்திரி படுக்கும் முன் குதிகால் வெடிப்புக்கும் அதுவே. அச்சுக்கு ஒரு எண்ணெய், ஆளுக்கு ஒரு எண்ணெய் என்று பிரித்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. என் மகள் அதே எண்ணெயைச் சொட்டுக் குழாயால் எடுத்து, கண்ணாடி முன் நின்று, இமை மயிருக்கு வைக்கிறாள். உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது நம் நாட்டில்தான், அதிலும் பெரும்பகுதி குஜராத்தில் என்றேன். அப்படியானால் குப்பிக்கு ஏன் இந்த விலை என்று அவள் கேட்டாள். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

இத்தனை எண்ணெயும் புழங்கிய வீட்டில் எண்ணெய்க்கு மரியாதை இருந்ததா என்றால், இல்லை. எண்ணெய் வழியும் மூஞ்சி என்றால் பட்டிக்காடு. மரியாதை முழுக்கச் சித்தியின் அலமாரியில் இருந்த ஸ்நோ என்ற முகப்பூச்சுக்குத்தான். பம்பாயில் பாட்டன்வாலா என்பவர் 1919லேயே ஆப்கான் ஸ்நோ தயாரித்து விற்கத் தொடங்கியிருந்தார். ஹேஸலின் ஸ்நோ அதற்கும் மூத்தது, சீமைச் சரக்கு. சித்தி ஒற்றை விரல் நுனியால் தொட்டு, நெற்றியில் ஒன்று, கன்னத்தில் இரண்டு, தாடையில் ஒன்று என்று பொட்டு வைத்துப் பரப்புவாள். கல்யாணம், தேர், ஈரோட்டில் சினிமா. இந்த மூன்றுக்கு மட்டும்தான் அந்த மூடி திறக்கும். அந்த ஸ்நோவின் பெருமையே தடவியதும் காணாமல் போவதுதான். எண்ணெய்ப் பிசுக்கு கண்ணில் படாது. பனிக்காலத்து வறண்ட முகத்துக்கு அது பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. ஆனால் முகம் மினுங்காமல் இருப்பதற்காக அந்தக் காலத்தில் காசு கொடுத்தார்கள். இந்தக் காலத்தில் கொரியாக்காரர்களைப் பார்த்து, முகம் கண்ணாடி மாதிரி மினுங்குவதற்காகக் காசு கொடுக்கிறார்கள். வாய்க்கால் பொந்துச் சீசாவை எடுத்து முகத்தில் பூசிக்கொண்டு இன்று பெங்களூரில் நடந்தால் எங்களை நாகரிகம் என்பார்கள்.

இங்கே பழம்பெருமைக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் அதன் முதல் பாதியை மட்டும் பேசுகிறார்கள். நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சி முதல் பாதம்வரை தேய்த்து வெயிலில் நிறுத்துவார்கள். உண்மை. அதற்கப்புறம் அரப்புப் பொடியைக் கொட்டி, அம்மா தன் வளையல் குலுங்க முதுகில் தேய்ப்பாளே, அதைச் சொல்வதில்லை. அரப்பில் இருக்கும் நுரைக்கும் சத்து, தேய்த்த எண்ணெயோடு தோலின் சொந்த எண்ணெயையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். குளித்து முடித்து விரலால் இழுத்தால் தோல் கீச்சென்று கத்தும். சுத்தம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மார்கழி மாதத்தில் அப்படிக் குளித்த பையன் பத்து மணிக்குள் சாம்பல் பூத்து நிற்பான்.

அந்தச் சாம்பலுக்கு அம்மாயி வைத்தியம் வைத்திருந்தாள். குளித்து வந்ததும் துவட்ட விடமாட்டாள். மேலே நீர் முத்து முத்தாக நிற்கும்போதே உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விட்டு, இரண்டு கையாலும் சிலுப்பி, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள்.

"ஈரங் காயறதுக்குள்ள பூசோணும் சாமி. காஞ்ச ஒடம்புல பூசுனா சீசா தாங்காது."

இது வைத்திய ஞானம் அல்ல, கஞ்சத்தனம். ஈர உடம்பில் எண்ணெய் பரவும், கொஞ்சத்தில் முடிந்துவிடும். எட்டுப் பேர் இருந்த வீட்டில் எண்ணெய்ச் சீசாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவள் அவள்.

ஆனால் தோல் வைத்தியம் அவள் கஞ்சத்தனத்தின் பக்கமே வந்து நின்றது. 1952இல் அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர், காய்த்துப்போன காலின் தோலை வெட்டியெடுத்து எண்ணெயில் ஊறப்போட்டுப் பார்த்தார். அது இளகவில்லை. தண்ணீர் பட்டதும் இளகியது. தோலை மிருதுவாக்குவது எண்ணெய் அல்ல, தண்ணீர். எண்ணெயின் வேலை அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் மேலே மூடி நிற்பதுதான். மூடுவதற்குள்ளே ஏதாவது இருந்தால்தானே மூடி பிரயோசனம்? இன்று தோல் மருத்துவர்கள் குளித்துத் துவட்டிய கையோடு, மூன்று நிமிடத்துக்குள், ஈரம் இருக்கும்போதே பூசச் சொல்கிறார்கள். என் மகள் அதைத் தன் ஃபோனில் எங்கேயோ பார்த்துவிட்டு, புது விஷயம் என்று எனக்கு அனுப்பியிருந்தாள்.

வாங்கியது வாங்கியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் களத்தில் இறங்கினாள். நான் கூடமாட ஒத்தாசை. அகலப் பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் பால் காய்ச்சும் பாத்திரம். அதில் ஒரு பங்கு தேனீ மெழுகு, நாலு பங்கு எண்ணெய். மெழுகு 62லிருந்து 64 டிகிரிக்குள் உருகும். அவசரப்பட்டு நேரடியாக அடுப்பில் வைத்தால் எண்ணெய் கருகும். மெழுகின் ஓரம் முதலில் கண்ணாடியாகி, சுருங்கி, நடுவில் மஞ்சள் தீவாக நின்று, கடைசியில் அதுவும் இல்லாமல் போனது. இறக்கி, கொஞ்சம் ஆறியபின் ஷியா வெண்ணெயையும், ஊசியால் குத்திப் பிழிந்த வைட்டமின் ஈ மாத்திரையையும் சேர்த்தாள். குப்பிகளில் ஊற்றி ஆறவைத்ததும் இளமஞ்சளாக இறுகியது. விரலில் எடுத்தால் உடம்புச் சூட்டில் இளகுகிறது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல சரக்கு. உதட்டு வெடிப்பு இரண்டே நாளில் அடங்கியது. பக்கத்தில் லேபிள் ஒட்டும் வேலை நடந்தபோது அம்மாயியின் அண்டாவை நினைத்துக்கொண்டேன். அவள் எதன்மேலும் எதையும் எழுதி ஒட்டியதில்லை. மோந்து பார்த்தால் தெரியாதா?

ஆனால் வெற்றி தலைக்கேறிவிட்டது. அடுத்ததாகக் கற்றாழையை வெட்டி, மஞ்சள் பால் வடியவிட்டு, உள்ளிருந்த கூழை வழித்துப் பன்னீரும் பாதாம் எண்ணெயும் சேர்த்து மிக்ஸியில் அடித்தாள். வெள்ளை வெளேரென்று கிரீம் வந்தது. கடைச் சரக்குத் தோற்றது என்றாள். ஒரு வாரத்தில் குப்பிக்குள் கரும்புள்ளி விழுந்து, மறுநாள் பூசணம் மயிர் வைத்திருந்தது. எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்த களிம்பு மாதக்கணக்கில் கெடாது. அதில் தண்ணீர்ச் சத்து எது சேர்ந்தாலும் பூசணத்துக்குச் சாப்பாடு போட்டமாதிரிதான். அதைத் தடுக்கத்தான் கடைக் கிரீமில் அந்தக் கெமிக்கல் இருக்கிறது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மீதி இருந்த இன்னொரு குப்பி குளிர்பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை வெண்ணெய் என்று நினைத்து என் மனைவி எடுத்த கையை லாவெண்டர் வாசம்தான் தடுத்தது.

இயற்கை என்றால் எல்லாம் நல்லது என்ற நம்பிக்கையும் இந்தச் சமையலறையில் கொஞ்சம் அடிபட்டது. லாவெண்டர் தைலம் வெடித்த தோலில் பட்டு எரிந்தது. ஆலிவ் எண்ணெய் ஒஸ்தி என்று ஒரு பாட்டில் வாங்கியிருந்தாள். அது தோலின் மேல்கவசத்தைத் தளர்த்துகிறது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. பாட்டில் சாலடுக்குப் போனது. தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு மினரல் ஆயில் அளவுக்கே பலன் தருகிறது என்று பிலிப்பைன்ஸில் ஆய்ந்து 2004இல் எழுதினார்கள். பலசரக்குக் கடையில் கிடைப்பது அதுதான் என்பதால் அவளுக்கு அதில் சுவாரசியம் இல்லை.

அம்மாயியைத் தெய்வமாக்கிவிடவும் நான் தயாரில்லை. அவள் குதிகால் வெடிப்பில் நாலணா நிற்கும் என்று மாமாக்கள் கேலி பண்ணுவார்கள். ஆயுசுக்கும் கொட்டமுத்து எண்ணெய் பூசினாள், துவைக்கிற கல்லில் தேய்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. செருப்பில்லாமல் கரட்டிலும் சேற்றிலும் நடந்த கால் அது. கடைசிக் காலத்தில் மாமா ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்து, கட்டாயப்படுத்திப் போட வைத்தார். அந்த வருஷப் பனிக்குத்தான் வெடிப்பு முதல்தடவையாக மூடியது. அந்த ரப்பர் செருப்பை இயற்கை வைத்தியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். மெழுகு உருக்க ஒரு பழைய பாத்திரத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். சூடு ஆறும் முன்பே காகிதத்தால் அதைத் துடைத்துவிடுங்கள். வெந்நீர் விட்டுக் கழுவித் தொட்டியில் ஊற்றினால் மெழுகு குழாய்க்குள் போய் இறுகிக்கொள்ளும், பிளம்பர் வர வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் பிளம்பர் வந்து போய்விட்டார். பால் காய்ச்சுகிற அந்தப் பாத்திரம் மட்டும் இன்னும் அடுப்புக்குத் திரும்பவில்லை.