மோட்டார் ஓடுதாப்பா?

சென்னையில் கத்திரி வெயில் தொடங்கிய வாரம். வெளியே 40 டிகிரி. நம்மவரின் மேஜைக்கு அடியில் 100.

நம்மவர் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். சித்திரை முகூர்த்தத்தில் தாலி கட்டிய மூன்று ஜோடிகள் அவருடைய ஹார்ட் டிஸ்கில் இன்னும் மாலை மாற்றிக்கொண்டே நின்றார்கள். நாற்பது நிமிடத்தில் ரெண்டர் ஆக வேண்டிய வீடியோ மூன்று மணி நேரம் இழுத்தது. வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்தால் எல்லா எண்ணும் சிவப்பு. 5 கிகாஹெர்ட்ஸில் பறக்க வேண்டிய பிராசஸர் 2ஐத் தாண்ட முடியாமல் இரைத்துக்கொண்டிருந்தது.

இதில் பெரிய அவமானம், அது ‘வாட்டர் கூலிங்’ போட்ட கம்ப்யூட்டர்.

வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் அதைக் காட்டாமல் அவர் காபி கொடுத்ததில்லை. பிராசஸரின் தலையில் செம்புத் தட்டு, அதன் மேல் உள்ளங்கையில் அடங்கும் பம்ப், அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள், குழாய்களின் மறுமுனையில் ஃபேன் மாட்டிய ரேடியேட்டர். ஒரே கன அளவில் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும் என்பதில் தொடங்கி, 1985இல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட் போர்டுகள் மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் முழுகிக் கிடந்ததையும், அந்த மெஷினை ‘பபிள்ஸ்’ என்று செல்லமாக அழைத்ததையும், 2004இல் ஆப்பிளே பவர் மேக் ஜி5இல் திரவத்தை ஓடவிட்டதையும் சொல்லித்தான் முடிப்பார். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த அவருடைய அம்மாவுக்கு இதில் ஒரே சந்தேகம்தான்: “அவ்ளோ பெரிய மெஷினுக்குத் தண்ணி எங்கேர்ந்துடா பிடிச்சாங்க?”

இப்போது அந்தத் தண்ணீர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. நம்மவர் முதலில் வெயில் மீது பழி போட்டார். அதில் பாதி நியாயம் உண்டு. எந்த ரேடியேட்டரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே தண்ணீரைக் குளிர்விக்காது. அறை 36 என்றால் கணக்கே 36இலிருந்துதான் ஆரம்பம். ஏசியை 22இல் வைத்தார். அறை குளிர்ந்தது, மின்கட்டணம் கொதித்தது, பிராசஸர் 100இலேயே நின்றது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராகத் திருப்பினார். தமிழ்நாட்டில் சூடாகும் எந்தப் பொருளுக்கும் இதுதான் முதலுதவி. ஒரு டிகிரிகூட அசையவில்லை.

அசையாததற்குக் காரணம் உண்டு. அவர் வைத்திருந்தது இன்டெல்லின் 13ஆம் தலைமுறை ஐ7. சாதாரண நாளில் 125 வாட், வரிந்து கட்டினால் 253 வாட் குடிக்கும். பத்து சால்டரிங் அயர்னின் சூடு, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய சிலிக்கான் துண்டில். 100ஐத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும். இந்தத் தற்காப்பு இல்லாத காலமும் இருந்தது. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இணையதளம் வெளியிட்ட வீடியோவில், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அத்லான் புகைந்து கருகியது. அதனால் 100 என்ற எண் அப்படியே நிற்பது, நிலைமை மோசமாகவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. பிராசஸர் உச்சவரம்பில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனார். அந்தத் தெருவில் கம்ப்யூட்டரின் எந்த நோய்க்கும் ஐந்து நிமிடத்தில் ஐந்து வைத்தியம் கிடைக்கும். முதல் கடையில், “பேஸ்ட் காஞ்சிருக்கும் சார், மாத்திப் பாருங்க.” இரண்டாவதில், “ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்தீங்களா சார்? நெறைய பேர் அப்படியே மாட்டிட்டு வந்துடறாங்க.” செம்புத் தட்டின் மேல் ‘பொருத்தும் முன் அகற்றவும்’ என்ற எச்சரிக்கையோடு ஒட்டியிருக்கும் படலத்தைச் சொல்கிறார். அதை எடுத்தது நம்மவருக்கு நன்றாக நினைவிருந்தது. எடுத்ததோடு நில்லாமல் ஞாபகார்த்தமாக மானிட்டரின் பின்னால் ஒட்டியும் வைத்திருந்தார். தன்னை அந்த ‘நெறைய பேரில்’ சேர்த்ததற்காக அந்தக் கடையில் அவர் எதுவும் வாங்கவில்லை.

பேஸ்டை முதல் கடையில் வாங்கினார். பிராசஸருக்கும் செம்புத் தட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களில் காற்று தங்கும்; காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி; அந்த இடத்தை நிரப்பத்தான் பேஸ்ட். அதை எப்படித் தடவுவது என்பதில் வடகலை தென்கலை போலப் பிரிவுகள் உண்டு. நடுவில் பட்டாணி அளவு வைப்போர் ஒரு கட்சி, குறுக்கே எக்ஸ் போடுவோர் இன்னொரு கட்சி, கத்தி வைத்துத் தோசை மாவாக இழுப்போர் மூன்றாவது. யானை கிடைத்தால் அதன் நெற்றியிலும் போட்டுப் பார்ப்பார்கள். அளவு மிகவும் குறையாதவரை, தட்டை அழுத்தித் திருகியதும் எல்லாக் கட்சியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். நம்மவர் எக்ஸ் போட்டார். ஸ்குரூவைக் கார் சக்கரத்தின் நட்டு மாதிரி எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். எல்லாம் முறைப்படி. வீடியோவை ஓடவிட்டார். இரண்டே விநாடியில் 100.

அன்று மாலை, ரேடியேட்டர் வழியாக வெளியே வரும் காற்றில் கையை நீட்டியவருக்குப் பெருமை பொங்கியது.

“அம்மா, இங்க கை வெச்சுப் பாரு. எவ்ளோ ஜில்லுனு வருது! கூலர்ல ஒரு குறையும் இல்ல. பிராசஸர்தான் போயிடுச்சு.”

அம்மா கை வைத்தார். இருபது வருடமாக அந்த வீட்டின் மோட்டார், மேல்நிலைத் தொட்டி, ஏர் லாக், ஃபுட் வால்வு அனைத்தையும் நிர்வகிப்பவர் அவர்தான். மோட்டார் போட்டால் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்ப்பதில்லை. குழாயைத் தொட்டே தண்ணீர் ஏறுகிறதா என்று சொல்லிவிடுவார். காற்றில் வைத்த கையை எடுத்து, பம்ப்பின் அருகே ஒரு ரப்பர் குழாயைப் பிடித்தார். பிறகு இன்னொன்றை.

“ஒண்ணு சுடுது, ஒண்ணு பச்சத்தண்ணியா இருக்கு. மோட்டார் ஓடுதாப்பா?”

நம்மவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. 200 வாட் சூடு உண்மையிலேயே ரேடியேட்டருக்கு வந்து சேர்ந்திருந்தால், அங்கிருந்து ஜில்லென்ற காற்று எப்படி வரும்? பம்ப் ஒழுங்காகச் சுற்றினால் தண்ணீர் வேகமாக வலம் வரும். இரண்டு குழாய்க்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். அவர் சற்றுமுன் கொண்டாடிய குளிர்ச்சிதான் நோயின் முதல் அறிகுறி. ரேடியேட்டர் சுட்டால் ஃபேன், தூசி, அறை வெப்பம் என்று தேடலாம். ரேடியேட்டர் குளிர்ந்து பிராசஸர் கொதித்தால், ஒன்று தட்டு சரியாக ஒட்டவில்லை, இல்லையென்றால் தண்ணீர் ஓடவில்லை.

பயாஸைத் திறந்தார். ‘சேசிஸ் ஃபேன் 2’ என்ற வரியில், சுழற்சி: 0. அந்தப் பூஜ்யத்தை அவர் இந்த மூன்று நாளில் பத்து முறையாவது பார்த்திருந்தார். எதுவும் மாட்டாத காலி இணைப்பு என்று நினைத்துக் கடந்துபோயிருந்தார்.

மார்கழியில் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் உர்ரென்று இரைகிறது, சீரியலில் மாமியார் என்ன சொல்கிறாள் என்றே கேட்கவில்லை என்று அம்மா சொன்னார். நம்மவர் பயாஸில் எல்லா ஃபேனையும் ‘சைலன்ட்’ ஆக்கினார். பம்ப்புக்கென்றே மதர்போர்டில் தனி இணைப்பு இருந்தது. ஆனால் ஒயர் எட்டவில்லை என்று, கம்ப்யூட்டரைப் பூட்டிய நாளில் பக்கத்திலிருந்த சேசிஸ் ஃபேன் இணைப்பில் அதைச் செருகியிருந்தார். 12 வோல்ட் கேட்கும் பம்ப்புக்கு அன்றிலிருந்து பாதிகூடப் போகவில்லை. சில நாள் சுற்றியது, சில நாள் முக்கியது, கத்திரியில் படுத்துவிட்டது. அது மட்டுமா? அந்த இணைப்பு பிராசஸரின் சூட்டைப் பார்த்து வேகம் கூட்டுவதில்லை. மதர்போர்டின் சூட்டைப் பார்த்துத்தான் கூட்டும். மதர்போர்டோ 41 டிகிரியில் சுகமாக இருந்தது. சமையலறையில் தீப்பிடித்ததா என்று திண்ணையில் விசிறிக்கொண்டிருக்கும் தாத்தாவிடம் விசாரித்த கதை.

ஒயரை இரண்டு ஃபேனுக்கு நடுவே வளைத்து, நீட்டி, ஒருவழியாக எட்டச் செய்தார். முழு வேகம் என்று குறித்துச் சேமித்தார். பம்ப்பிலிருந்து முதலில் கடகடவென்று காற்றுக் குமிழிகள் உருளும் சத்தம், பிறகு ஒரே சீரான ரீங்காரம். தாலி கட்டும் காட்சி ரெண்டர் ஆனபோது 74 டிகிரி. ரேடியேட்டரிலிருந்து தோசைக்கல் பக்கத்தில் நிற்பது போன்ற அனல் காற்று. நம்மவர் அதில் முகத்தை நீட்டி ஆனந்தமாக நின்றார்.

இரவு எட்டு மணிக்குக் கூடத்திலிருந்து குரல் வந்தது.

“டேய், திரும்பவும் உர்ருன்னு கத்த ஆரம்பிச்சிடுச்சேடா! அந்த மோட்டாரை ஆஃப் பண்ணித் தொலை. அவ என்ன சொன்னான்னே கேக்கல.”

நம்மவர் எழுந்துபோய் டிவியின் சத்தத்தை 18இலிருந்து 32க்கு ஏற்றிவிட்டு வந்தார்.