தினமும் சர்வரைச் சரிசெய்வது எப்படி?

சர்வரை ஒரேயடியாகச் சரிசெய்ய வழி சொல்லும் புத்தகங்கள் ஏராளம். அவை உங்களுக்கு வேண்டாம். ஒரே பழுதை, ஒரே ஆள், ஒவ்வொரு நாளும் சரிசெய்துகொண்டே இருப்பதுதான் கலை. விழுப்புரத்தில் ஒரு கல்லூரி, திண்டிவனத்தில் ஒன்று, நடுவில் சுமார் 40 கிலோமீட்டர், இரண்டுக்கும் சேர்த்து ஒரே சிஸ்டம் அட்மின், அதாவது நீங்கள், என்று ஏற்பாடு இருந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிக் கிணற்றுக்கு இந்தக் கையேடு. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். தாளாளர் மாறுவார், பெயர்ப்பலகை மாறும், சர்வர் ரூம் மட்டும் எங்கேயும் ஒன்றுதான்.

1. காலையில் வந்ததும் சர்வர் பக்கம் போகாதீர்கள்.

டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம், மெமரியை எது தின்கிறது, ராத்திரி பேக்கப் ஓடியதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு டீ குடித்துவிடலாம். நாகியோஸ், ஜாபிக்ஸ் என்று காசு கேட்காத கண்காணிப்பு மென்பொருள்கள் இருக்கின்றன. ஒன்றையும் போட்டுவிடாதீர்கள். டிஸ்க் 80 சதவீதம் நிரம்பியதுமே மெயில் அனுப்பி உயிரை வாங்கும். அதைவிட நல்ல அலாரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: பேராசிரியர்கள். இன்டர்னல் மார்க் ஏற்றக் கடைசி நாள், கடைசி மணி நேரம், எல்லாத் துறையும் ஒரே சமயம் லாகின் செய்கிற நேரம் பார்த்து அது தானாக அடிக்கும்.

2. அடித்ததும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். லாக் ஃபைலைத் திறக்காதீர்கள். திறந்தால் காரணம் தெரிந்து தொலைக்கும். எந்தக் காலத்திலோ சோதனைக்காகப் போட்ட ‘டீபக்’ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அது நாளெல்லாம் எழுதிக் குவித்து டிஸ்க்கை நிரப்பியிருக்கும். எழுத இடமில்லாமல் டேட்டாபேஸ் மூச்சுத் திணறி நின்றிருக்கும். லாக்ரொடேட் என்ற ஏற்பாடு பழைய லாக்கைச் சுருக்கி வைத்து, கெடு தாண்டியதை அழித்துவிடும். லினக்ஸ் கூடவே வருகிறது, நாலு வரி எழுதினால் வேலை தீர்ந்தது. ஆகவே எழுத வேண்டாம்.

அவசரம் என்றால் லாக்கையே அழியுங்கள். அழித்த பிறகும் டிஸ்க்கில் இடம் வராது. மிரளாதீர்கள், இதுதான் சுவையான கட்டம். ஃபைலின் பெயர்தான் போயிருக்கிறது. வெப் சர்வர் அதை இன்னும் திறந்து வைத்திருப்பதால் இடம் விடுபடாது. யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பதை எல்எஸ்ஓஎஃப் கட்டளை ஒரே வரியில் காட்டிக்கொடுக்கும். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் பெட்டியையே ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிடி விட்டது, இடம் வந்தது, பக்கம் திறந்தது. காரணம் அப்படியே இருக்கிறது, காரணத்தைச் சொல்லும் சாட்சி மட்டும் ஒழிந்தது. நாளைக்கும் போன் வரும்.

3. எந்த ஊரில் பழுதோ அந்த ஊரில் இருக்காதீர்கள்.

விழுப்புரத்தில் சர்வர் விழும்போது நீங்கள் திண்டிவனம் போகிற மெமு ரயிலில் இருக்க வேண்டும். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சிக்னல் வந்துவந்து போகும். அட்டெண்டரை வைத்து ஆபரேஷன் செய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

“அண்ணே, ரேக்குல நடு சர்வர்ல என்ன லைட்டு எரியுது?”

“எல்லாமே கண்ணடிக்குது சார்.”

“ஆரஞ்சு இருக்கா பாருங்க.”

“ஆரஞ்சுன்னா... காவி மாதிரி ஒண்ணு இருக்குது சார்.”

“அந்தப் பெட்டியோட பவர் பட்டனை அஞ்சு செகண்ட் அழுத்திப் புடிங்க.”

“புடிச்சிட்டேன் சார். அணைஞ்சிடுச்சி. ஆனா பக்கத்து லேப்ல எல்லாரும் கத்துறாங்க சார்.”

எந்தப் பெட்டி எது என்று லேபிள் ஒட்டாமல் விட்டதற்குக் கைமேல் பலன். பெயரும் ‘நியூ சர்வர்’, ‘நியூ சர்வர் 2’, ‘நியூ சர்வர் ஒரிஜினல்’ என்று இருந்தால் இன்னும் விசேஷம்.

அந்த ஆரஞ்சு விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ரெய்டில் ஒரு டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தம். ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டாவது போனால் மொத்தமும் போச்சு. எனவே பதற வேண்டாம், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மூன்று கொட்டேஷனுக்கு எழுதிப் போடுங்கள். மூன்றாவது கொட்டேஷன் வருவதற்குள் முதல் கொட்டேஷனின் கெடு முடியும். மற்ற டிஸ்க்குகளும் அதே நாளில் அதே பில்லில் வாங்கியவைதான், அவற்றுக்கும் அதே வயதுதான் என்பதை மட்டும் யாருக்கும் ஞாபகப்படுத்தாதீர்கள்.

4. நெட் வரவில்லை என்றால் “வெளி லைன் பிரச்சினை” என்று சொல்லுங்கள்.

பாதிப் பேர் இதோடு போய்விடுவார்கள். உண்மையில் நடந்தது வேறு. ஹாஸ்டல் பையன் ஒருவன் ஊரிலிருந்து கொண்டுவந்த வைஃபை ரவுட்டரில், வேன் துளையில் செருக வேண்டிய வயரை லேன் துளையில் செருகியிருப்பான். அந்தச் சின்னப் பெட்டி உங்கள் சர்வரை முந்திக்கொண்டு கட்டடம் முழுவதற்கும் ஐ.பி. முகவரி வாரி வழங்கத் தொடங்கியிருக்கும். வாங்கிய கம்ப்யூட்டர்களுக்கு வெளியே போக வழி தெரியாது. நம்பிக்கையான போர்ட்டைத் தவிர வேறெங்கிருந்து முகவரி கொடுத்தாலும் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி உங்கள் ஸ்விட்சிலேயே இருக்கக்கூடும். மேனுவலைப் பிளாஸ்டிக் உறையோடு பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு நாள், தரையில் அனாதையாகக் கிடக்கும் வயர் முனையைப் பார்த்து மனம் பொறுக்காத யாரோ அதை எடுத்துச் செருகிவிடுவார்கள். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கும். ஒரு செய்தி உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிடும். 1985-லேயே ராடியா பெர்ல்மன் இதற்கு ஸ்பானிங் ட்ரீ என்ற மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார். ‘கனெக்ஷன் கிடைக்க லேட்டாகுது’ என்று யாரோ சொன்னதற்காக நீங்கள் அதை அணைத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அப்படியே இருக்கட்டும்.

5. சர்வர் ரூமை வீணாக்காதீர்கள்.

ஏசி இருக்கிற அறை, கல்லூரியில் அபூர்வம். பழைய விடைத்தாள் கட்டு, போன வருஷ சிம்போசியம் பேனர், உடைந்த நாற்காலி, எல்லாவற்றையும் அங்கே அடுக்குங்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் தூசி தட்டி, காற்று போகிற வலைக் கண்களை அடைக்கும்படி சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமம் வையுங்கள். வருடாந்திரப் பராமரிப்பு முடிந்தது. யூபிஎஸ் பேட்டரி காகிதத்தில் அரை மணி நேரம் தாங்கும். நிஜத்தில் எவ்வளவு என்பதை மாதாந்திர மின்தடை அன்று தெரிந்துகொண்டால் போதும், அறிவிப்பைப் பேப்பரில் முன்கூட்டியே போடத்தான் செய்கிறார்கள், படிக்காதீர்கள். கரன்ட் போனதும் சர்வர் தானாக ஒழுங்காக அணைவதற்கு யூபிஎஸ்ஸோடு ஒரு கேபிள் கொடுத்திருப்பார்கள். அது மேனுவலோடு அதே உறையில் இருக்கட்டும்.

6. ஓடுகிற சர்வரைத் தொடாதீர்கள்.

இதை நம் துறையில் வேதவாக்காகச் சொல்வார்கள். விண்டோஸின் ஒரு ஓட்டையை அடைக்க 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகமெங்கும் புகுந்தது மே 12 அன்று. நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் நம்மவர்கள் வாக்குத் தவறவில்லை. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், சென்ட்ஓஎஸ் 7-க்கானது 2024 ஜூன் 30 அன்றும் முடிந்தன. உங்களிடம் இரண்டுமே ஓடுகின்றன. ஓடட்டும்.

7. பேக்கப் எடுங்கள்.

ஆச்சரியப்படாதீர்கள், எடுக்கத்தான் வேண்டும். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் கமிட்டி வந்தால் காட்ட வேண்டுமே. ஆனால் அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்துவிடாதீர்கள். பேக்கப் ஃபைல் இருக்கிறது என்பது ஒரு நிம்மதி. அதன் அளவு பூஜ்யம் என்று தெரிவது தேவையில்லாத மனக்கஷ்டம்.

பெரிய கம்பெனிகளே இப்படித்தான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், ராத்திரி வேளையில், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். ஒன்றுகூட உருப்படியாக வேலை செய்யவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. இத்தனையையும் அவர்கள் ஒளிக்காமல் ஊருக்கே எழுதிச் சொன்னார்கள். அந்தப் பழக்கம் மட்டும் நமக்கு ஒத்துவராது.

பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கை எங்கே வைப்பது? சர்வரின் தலைமேலேயே. தரைத்தளத்தில். முடிந்தால் ஏசி தண்ணீர் சொட்டும் மூலையில்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 காலை விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, ரயில்களை நிறுத்தினார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் தரைத்தளத்தில் எதை வைத்திருந்தாலும் அன்று அது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. உங்களுக்கோ இரண்டு ஊரில் இரண்டு சர்வர் ரூம். விழுப்புரத்து டேட்டாவின் பிரதி ராத்திரியோடு ராத்திரியாகத் திண்டிவனம் போய், திண்டிவனத்தினுடையது இங்கே வந்துவிட ஒரு ஆர்சிங்க் கட்டளையும் ஒரு கிரான் வரியும் போதும். புயலுக்கு 40 கிலோமீட்டர் இடைவெளி போதாதுதான். தீக்கும் திருட்டுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் தாராளம். பல கல்லூரிகள் காசு கொடுத்து ஏற்படுத்திக்கொள்ளும் வசதி உங்களுக்குச் சும்மாவே அமைந்திருக்கிறது. அதைத் தினமும் பஸ் ஏறுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

8. எதையும் எழுதி வைக்காதீர்கள்.

பாஸ்வேர்டு, ஐ.பி. பட்டியல், எந்த வயர் எங்கே போகிறது, எல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கட்டும். லேப் அசிஸ்டென்ட் ஒருவர் ஆர்வமாக வந்து “நானும் கத்துக்கிறேன் சார்” என்பார். பிரின்டருக்கு டோனர் மாற்ற அனுப்புங்கள். விழுப்புரத்திலேயே விக்லக் என்று ஒரு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித் தருகிறார்கள். கணியம் தளத்தில் லினக்ஸைத் தமிழிலேயே படிக்க இலவசப் புத்தகம் கிடைக்கிறது. பையன்கள் அந்தப் பக்கம் போகிறார்களா என்று கவனியுங்கள். நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் உங்கள் தங்கை கல்யாணத்துக்கு நீங்கள் நிம்மதியாகப் போய்வர நேரிடும், முகூர்த்த நேரத்தில் ஒரு போன்கூட வராது, சொந்தக்காரர்கள் உங்களைச் சாதாரண ஆள் என்று நினைத்துவிடுவார்கள்.

இதில் நான் கேலி செய்யாமல் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரு வருஷம் முழுக்க சர்வர் விழாமல் பார்த்துக்கொண்டவரைப் பார்த்து நிர்வாகக் கமிட்டியில் கேட்பார்கள்: “இவருக்கு என்னதான் வேலை?” வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து பிரின்சிபால் கண் முன்னால் பட்டனைத் தட்டியவருக்குப் பொன்னாடை. பேட்டரிக்குப் பணம் கேட்டு நீங்கள் அனுப்பிய கோப்பு அதே மேஜையில்தான் மூன்று மாதமாகப் படுத்திருக்கிறது. 2000-லிருந்து ஜூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமையை சிஸ்டம் அட்மின்களைப் பாராட்டும் நாளாகச் சிலர் கொண்டாடுகிறார்கள். உங்கள் கல்லூரியில் அன்றைக்கும் யாராவது கூப்பிடுவார்கள், புரொஜெக்டர் வரவில்லை என்று. எனவே எங்கே ஓடவேண்டுமோ அங்கே ஓடுங்கள், யார் பார்க்கவேண்டுமோ அவர் பார்க்கும்போது ஓடுங்கள்.

9. பெரிய மாற்றங்களை வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்குச் செய்யுங்கள்.

விழுப்புரத்தில் உட்கார்ந்தபடியே திண்டிவனத்து ஃபயர்வாலில் கைவையுங்கள். “எல்லாவற்றையும் தடு” என்ற விதியை முதலில் போடுங்கள், “என்னை மட்டும் விடு” என்பதை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். என்டர் தட்டியதும் திரை அப்படியே உறைந்து நிற்கும். நீங்கள் உள்ளே போன 22-ஆம் போர்ட்டும் அந்த ‘எல்லாவற்றில்’ அடக்கம். ஐந்து நிமிஷத்தில் பழைய விதி தானாகத் திரும்பும்படி டைமர் வைத்துவிட்டுத் தொடங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் கோழைகள்.

வெட்கப்படாதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கே ஒரு பராமரிப்புக் கட்டளையால் தன்னைத் தானே இணையத்திலிருந்து துண்டித்துக்கொண்டு சுமார் ஆறு மணி நேரம் கிடந்தது. தூரத்திலிருந்து சரிசெய்யும் வழிகளும் அதோடு சேர்ந்து போய்விட்டதால் பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. அவர்களுக்கு எப்படியோ, உங்களுக்கு சனிக்கிழமை காலை திண்டிவனம் பஸ். சர்வர் ரூம் சாவி வைத்திருப்பவர் மேல்மலையனூருக்குப் போயிருப்பார், அமாவாசை. அவர் திரும்பும்வரை வராந்தாவில் உட்கார்ந்து பயணப்படி விண்ணப்பத்தை எழுதி முடியுங்கள். ‘பயணத்தின் நோக்கம்’ என்ற இடத்தில் ‘அவசரத் தொழில்நுட்பப் பணி’ என்று போடுங்கள்.