முதலிடம் யாருக்கு?

கேள்வி: ஒலிம்பிக்கில் எந்த நாடு முதலிடம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: சாசனப்படி யாரும் இல்லை. போட்டி வீரர்களுக்கும் அணிகளுக்கும் இடையில்தான், நாடுகளுக்கு இடையில் அல்ல என்கிறது ஒலிம்பிக் சாசனத்தின் 6-வது விதி. நாடுவாரியாகத் தரவரிசை போடக் கூடாது என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் கையையே இன்னொரு விதி கட்டிப்போடுகிறது. 2008 பெய்ஜிங்கில் தங்கத்தை எண்ணியவர்களுக்குச் சீனா முதலிடம். மொத்தப் பதக்கத்தை எண்ணியவர்களுக்கு அமெரிக்கா முதலிடம். ஒரே போட்டிக்கு இரண்டு முதலிடங்கள் என்றால், அது எண்ணுகிறவர் செய்த வேலை, ஓடியவர் செய்ததல்ல.

கொடியேற்றி, தேசிய கீதமும் இசைத்துவிட்டு, நாடுகள் மோதவில்லை என்றால் யார் நம்புவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், தேசிய ஒலிம்பிக் கமிட்டிகள் வழியாகத்தான் பெரும்பாலோர் களத்துக்கே வருகிறார்கள். ஆனாலும் அந்த 6-வது விதி வெறும் அலங்காரமல்ல. அந்த எண்ணம் இருந்ததால்தான் 2016 ரியோவில் அகதிகள் அணியாகப் பத்துப் பேர் ஒலிம்பிக் கொடியின் கீழ் இறங்க முடிந்தது. 2024 பாரிஸில் அதே அணியின் சிண்டி ங்காம்பா குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். நாடுகளின் போட்டி என்று சாசனம் எழுதியிருந்தால், அவரை எந்த வரிசையில் நிறுத்தியிருப்பார்கள்?